காலமுறைப் பல் பரிசோதனை

காலமுறைப் பல் பரிசோதனை என்பது வலி முதலிய அறிகுறிகள் எவையும் இல்லாத நிலையிலும், குறிப்பிட்ட கால இடைவெளியில் பல் மருத்துவரிடம் சென்று பற்கள், ஈறுகள், நாக்கு, கன்னத்தின் உட்புறம் உள்ளிட்ட வாய்ப்பகுதி முழுவதையும் சோதித்துக்கொள்வதாகும். பற்சொத்தை, ஈறு நோய், வாய்ப்புற்றுநோய் ஆகியவை வாய்ப்பகுதியைத் தாக்கும் நோய்களுள் முதன்மையானவை. எளிதில் குணப்படுத்தத்தக்க தொடக்க நிலையில் இம்மூன்றும் பெரும்பாலும் வலி தருவதில்லை. வலி தோன்றும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். எனவே வலியை மட்டும் அடையாளமாகக் கொண்டு மருத்துவரை நாடுபவர்கள் பல்லைக் காப்பாற்றும் காலத்தைத் தவறவிடுகின்றனர்.

உலக சுகாதார அமைப்பு 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய்நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் நடுத்தர வருமானம் உள்ள நாடுகளில் வாழ்கின்றனர். இந்நோய்களில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

பரிசோதனை ஆறு மாதத்திற்கு ஒருமுறை நடைபெற வேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. எனினும் இந்த இடைவெளி அனைவருக்கும் பொதுவானதன்று என்பதும், ஒவ்வொருவருக்கும் உள்ள நோய் வாய்ப்பைப் பொறுத்து அது மாறவேண்டும் என்பதும் தற்போதைய மருத்துவ நிலைப்பாடாகும்.

தேவைக்கான காரணங்கள்

பற்சொத்தை

பல்லின் மேற்பரப்பில் நுண்ணுயிரிகள் ஒன்றுசேர்ந்து பற்படலம் என்னும் ஒட்டும் தன்மையுள்ள படலத்தை உருவாக்குகின்றன. உணவிலுள்ள சர்க்கரையை இவை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கும்போது, பல்லின் வெளியுறையாகிய எனாமலில் உள்ள கால்சியம், பாசுபேட்டு ஆகிய தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. சாப்பிட்டுச் சிறிது நேரம் சென்றபின் உமிழ்நீர் அமிலத்தைச் சமப்படுத்துகிறது; கரைந்த தாதுக்களில் ஒரு பகுதி மீண்டும் பல்லில் படிகிறது. கரைதலும் படிதலும் நாள்தோறும் மாறிமாறி நிகழ்கின்றன. இனிப்பை அடிக்கடி உண்பவர்களுக்குக் கரைதல் மிகுந்து பற்சொத்தை உண்டாகிறது.

இதன் முதல் அடையாளம் கருப்புப் புள்ளியன்று. சுண்ணாம்பு போன்ற வெண்மையான திட்டு ஆகும். இந்நிலையில் பல்லில் குழி விழுந்திருப்பதில்லை. புளோரைடு பயன்பாடு, உணவுப்பழக்க மாற்றம், முறையான துலக்கல் ஆகியவற்றால் இத்திட்டை வளரவிடாமல் நிறுத்தலாம். பல சமயங்களில் இழந்த தாதுக்களையும் ஓரளவு மீட்கலாம். குழி விழுந்தபின் இவ்வாறு மீட்க இயலாது. அதைச் சுத்தம் செய்து அடைக்கவேண்டும்.

எனாமலில் நரம்புகள் இல்லை. ஆகையால் சொத்தை எனாமலுக்குள் இருக்கும் வரை வலி இராது. அதனடியில் உள்ள டென்டைன் என்னும் அடுக்கை அது எட்டும்போது குளிர்ச்சி, இனிப்பு ஆகியவற்றால் கூச்சம் ஏற்படலாம். நரம்பும் குருதிக்குழாய்களும் அமைந்த பற்கூழைச் சொத்தை அணுகும்போது கடும் வலி தோன்றுகிறது. அப்போது எளிய அடைப்பு போதாது. வேர்ச் சிகிச்சை செய்யவேண்டும் அல்லது பல்லை அகற்றவேண்டும். பற்கூழ் முற்றிலும் இறந்துவிட்டால் வலி நின்றுவிடுவதும் உண்டு. இதனை நோய் தீர்ந்ததாகக் கருதுவது தவறு. நோய்த்தொற்று வேரின் நுனி வழியாகத் தாடை எலும்பினுள் தொடர்ந்து பரவிக்கொண்டிருக்கும்.

ஈறு நோய்

ஈறு (இலங்கை வழக்கில் முரசு) ஓரங்களில் பற்படலம் தங்கும்போது ஈறு அழற்சி ஏற்படுகிறது. ஈறு சிவந்து வீங்குதலும், துலக்கும்போது இரத்தம் கசிதலும் இதன் அறிகுறிகள். அகற்றப்படாத பற்படலம் உமிழ்நீரிலுள்ள தாதுக்களால் இறுகிப் பற்காரை ஆகிறது. பற்காரையைத் தூரிகையால் நீக்க முடியாது. பல் மருத்துவக் கருவிகளால்தான் அகற்ற முடியும்.

ஈறு அழற்சி முழுமையாகக் குணமாகக்கூடியது. அது முற்றிப் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும் நிலையை அடைந்தால், இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. மேலும் இழப்பு ஏற்படாமல் தடுப்பதே சிகிச்சையின் நோக்கமாகிறது. எலும்புக் கரைவும் நெடுங்காலம் வலியின்றி நடைபெறுகிறது. பற்கள் ஆடத் தொடங்கிய பின்னரே பலர் இதனை அறிகின்றனர். புகைபிடிப்பவர்களுக்கு ஈற்றில் இரத்தக் கசிவு குறைவாக இருப்பதால், நோய் முற்றியிருந்தும் ஈறு நலமாகத் தோன்றக்கூடும்.

வாய்ப்புற்றுநோய்

வாயில் தோன்றும் வெண்படலம், செந்திட்டு ஆகியவற்றுள் சில பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியவை. இவையும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. நாக்கின் பக்கவாட்டு, நாக்கின் அடிப்பகுதி, கன்னமும் ஈறும் சேரும் மடிப்பு போன்ற இடங்கள் கண்ணாடியில் எளிதில் தெரிவதில்லை. காலமுறைப் பரிசோதனையில் மருத்துவர் இவ்விடங்களையும் பார்ப்பதால் தொடக்க நிலையிலேயே கண்டறியும் வாய்ப்பு ஏற்படுகிறது.

வரலாறு

பல்லைப் புழு அரிப்பதால் சொத்தை உண்டாகிறது என்னும் நம்பிக்கை மிகப் பழமையானது. பாபிலோனியக் களிமண் பலகைகளில் பற்புழுவைப் பற்றிய மந்திரம் காணப்படுகிறது. தமிழில் 'பூச்சிப் பல்', 'பல்லில் பூச்சி' என்னும் வழக்குகள் இந்நம்பிக்கையின் எச்சங்களாகும். கண்டங்கத்திரி விதையின் புகையைப் பிடித்துப் பற்பூச்சியை வெளியேற்றும் நாட்டு மருத்துவ முறை தமிழகத்தில் இருந்துவந்துள்ளது.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியர் ஃபோசார் 1728 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் நவீனப் பல் மருத்துவத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவர் பற்புழுக் கொள்கையை மறுத்தார். சர்க்கரை பல்லுக்குக் கேடு விளைவிக்கும் என்றும் எழுதினார். அமெரிக்கரான வில்லோபி மில்லர் 1890 ஆம் ஆண்டில், வாயிலுள்ள நுண்ணுயிரிகள் உருவாக்கும் அமிலமே பல்லைச் சிதைக்கிறது என்னும் கொள்கையை வெளியிட்டார். நோயின் காரணம் இவ்வாறு தெளிவான பிறகே, அதனை முன்கூட்டிக் கண்டு தடுக்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

ஐக்கிய அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் ஃபோன்சு என்னும் பல் மருத்துவர் 1913 ஆம் ஆண்டில் பல் நலப் பணியாளர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பயின்றவர்கள் நகரின் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களின் பற்களைச் சோதித்துச் சுத்தம் செய்தனர். நியூசிலாந்து 1921 ஆம் ஆண்டில் பள்ளிப் பல் மருத்துவச் சேவையைத் தொடங்கி, அதற்கெனச் செவிலியர்களைப் பயிற்றுவித்தது. பின்னர் வேறு பல நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின.

பரிசோதனை முறை

காலமுறைப் பரிசோதனை பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

* நோய் வரலாறு: நீரிழிவு, இதய நோய், இரத்த அழுத்தம், ஒவ்வாமை, கருவுற்றிருத்தல், உட்கொள்ளும் மருந்துகள், புகையிலை மற்றும் வெற்றிலை பாக்குப் பழக்கம் ஆகியவை கேட்டறியப்படும்.
* வெளிப்புறச் சோதனை: முகம், தாடை மூட்டு, கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் வீக்கம் உள்ளதா எனத் தொட்டுப் பார்க்கப்படும்.
* வாயின் மென்பகுதிகள்: உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கு, நாக்கின் அடிப்பகுதி, அண்ணம், தொண்டையின் முன்பகுதி ஆகியவை நல்ல வெளிச்சத்தில் பார்க்கப்படும்.
* ஈறுகள்: அளவுக்கோடுகள் கொண்ட மெல்லிய கருவியால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையேயுள்ள இடைவெளியின் ஆழம் அளக்கப்படும். நலமான ஈற்றில் இது பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். இதைவிட ஆழமான இடைவெளி ஈறு நோயைக் குறிக்கலாம்.
* பற்கள்: ஒவ்வொரு பல்லும் உலர்த்தப்பட்டுச் சிறு கண்ணாடியின் உதவியால் பார்க்கப்படும். ஈரமான பல்லில் தொடக்கநிலை வெண்திட்டு எளிதில் தெரியாது. பழைய அடைப்புகள், செயற்கைப் பற்கள் ஆகியவற்றின் நிலையும் குறித்துக்கொள்ளப்படும்.
* ஊடுகதிர்ப் படம்: இரண்டு பற்கள் ஒட்டியிருக்கும் பரப்புகளில் உண்டாகும் சொத்தை வெளியே தெரியாது. தேவையெனக் கருதினால் மருத்துவர் ஊடுகதிர்ப் படம் எடுப்பார். ஒவ்வொரு வருகையிலும் இது தேவைப்படுவதில்லை.
* அறிவுரை: துலக்கும் முறை, உணவு, பழக்கங்கள், அடுத்த வருகைக்கான காலம் ஆகியவை விளக்கப்படும்.

ஒரே மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ தொடர்ந்து சோதித்துக்கொள்வதால் முந்தைய குறிப்புகளோடு ஒப்பிட இயலும். ஈற்று இடைவெளியின் ஆழம் கூடியுள்ளதா, வெண்திட்டு பெரிதாகியுள்ளதா என்பன ஒருமுறைப் பார்வையால் அறிய முடியாதவை. இந்த ஒப்பீடே காலமுறைப் பரிசோதனையின் தனிப்பயன் ஆகும்.

கால இடைவெளி

ஆறு மாத வழக்கம்

ஆண்டுக்கு இருமுறை பல் மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்னும் அறிவுரை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவலானது. ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த பெப்சொடென்ட் பற்பசையின் வானொலி விளம்பரங்கள் இதனை மக்களிடையே பரப்பின. பின்னர் பல நாடுகளின் பல் மருத்துவச் சேவைகளும் ஆறு மாத இடைவெளியை வழக்கமாகக் கொண்டன. இங்கிலாந்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆப்ரி சீகாம் 1977 ஆம் ஆண்டில் லான்செட்டு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், இவ்விடைவெளிக்கு அறிவியல் அடிப்படை உள்ளதா என்னும் வினாவை எழுப்பினார். எனாமலில் சொத்தை பெரும்பாலோருக்கு மெதுவாகவே முன்னேறுகிறது என்பது இவ்வினாவுக்கு வலுச்சேர்த்தது.

நோய் வாய்ப்பின் அடிப்படையிலான இடைவெளி

இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சிறப்பு நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் இது குறித்த வழிகாட்டலை வெளியிட்டது. அதன்படி இடைவெளிகள் பின்வருமாறு அமையலாம்.

* மிகக் குறைந்த இடைவெளி, அனைத்து வயதினருக்கும்: 3 மாதங்கள்
* மிக நீண்ட இடைவெளி, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு: 12 மாதங்கள்
* மிக நீண்ட இடைவெளி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு: 24 மாதங்கள்

இவ்வெல்லைகளுக்குள் ஒவ்வொருவருக்கும் உரிய காலத்தை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் 51 பல் மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 2,372 பெரியவர்களிடம் நான்கு ஆண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2020 ஆம் ஆண்டில் வெளியாயின. ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதிக்கப்பட்டவர்களுக்கும், நோய் வாய்ப்பைப் பொறுத்து அமைந்த இடைவெளியில் சோதிக்கப்பட்டவர்களுக்கும் இடையே ஈறு நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த காக்ரேன் மீளாய்வும் இவ்வாறே முடிவு கூறியது.

இம்முடிவைப் பரிசோதனையே தேவையில்லை எனப் பொருள்கொள்ளக் கூடாது. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே ஒழுங்காக மருத்துவரிடம் சென்றுவந்தவர்கள். இரண்டு ஆண்டு இடைவெளிக்கு, அதற்குத் தகுதியானவர்கள் என மருத்துவர் கருதியவர்களே சேர்க்கப்பட்டனர். குழந்தைகளுக்கோ, பல் மருத்துவரையே பார்த்திராத மக்களுக்கோ இம்முடிவு நேரடியாகப் பொருந்தாது. நீண்ட இடைவெளியும் ஒரு பரிசோதனைக்குப் பின்னரே முடிவு செய்யப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

குறுகிய இடைவெளி தேவைப்படுவோர்

* கடந்த சில ஆண்டுகளில் புதிய சொத்தை ஏற்பட்டவர்கள்
* ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள்
* புகையிலை, பாக்கு, மது ஆகிய பழக்கம் உள்ளவர்கள்
* நீரிழிவு நோயாளர்கள்
* உமிழ்நீர் குறைவாகச் சுரப்பவர்கள், தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள்
* பற்களில் கம்பி கட்டிச் சீரமைப்பு செய்துகொள்பவர்கள்
* தாமே பல் துலக்க இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும்

வயதும் உடல்நிலையும்

குழந்தைகள்

முதல் பல் முளைத்த ஆறு மாதங்களுக்குள், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டவேண்டும் என அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அமைப்பு பரிந்துரைக்கிறது. பாற்பற்கள் 20. இவை விழுந்துவிடக்கூடியவை என்பதால் சிகிச்சை தேவையில்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் பாற்கடைவாய்ப்பற்களில் சில 10 முதல் 12 வயது வரை இருக்கவேண்டியவை. அவை காலத்திற்கு முன்பே அகற்றப்பட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, நிலைப்பற்கள் கோணலாக முளைக்கக்கூடும். பல்வலியால் குழந்தையின் உணவு, உறக்கம், படிப்பு ஆகியவையும் பாதிக்கப்படுகின்றன.

ஏறத்தாழ 6 வயதில் முளைக்கும் முதல் நிலைக்கடைவாய்ப்பல் தனிக் கவனத்திற்குரியது. இது எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால் புதிதாக முளைக்கிறது. இதனால் பெற்றோர் பலர் இதையும் பாற்பல் எனக் கருதிவிடுகின்றனர். இப்பல்லின் மெல்லும் பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சொத்தை எளிதில் பிடிக்கிறது. வாழ்நாள் முழுவதும் பயன்படவேண்டிய இப்பல்லை இழந்தால் வேறு பல் முளைக்காது. பரிசோதனையின்போது இப்பள்ளங்களைச் சீலண்ட் எனப்படும் பிசினால் மூடியும், புளோரைடு பூச்சிட்டும் பாதுகாக்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து காணப்படுகிறது. பற்கள் உருவாகும் வயதில் இந்நீரைப் பருகிய குழந்தைகளின் நிலைப்பற்களில் வெண்கோடுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. இது பற்சொத்தையன்று. இரண்டையும் வேறுபடுத்தி அறியவும், எந்த அளவு புளோரைடு பயன்படுத்தலாம் என அறிவுறுத்தவும் பரிசோதனை உதவுகிறது.

கருவுற்ற பெண்கள்

கருவுற்றிருக்கும் காலத்தில் இயக்குநீர் மாற்றங்களால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசிகிறது. குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்வதால் பற்கள் கெடுகின்றன என்னும் கருத்து உண்மையன்று. அடிக்கடி ஏற்படும் வாந்தியின் அமிலமும் சிறுசிறு இடைவெளியில் உண்பதும் பற்களைப் பாதிக்கக்கூடும். கருக்காலத்தில் பல் பரிசோதனை செய்துகொள்வது பாதுகாப்பானது. தள்ளிப்போடக்கூடிய சிகிச்சைகளைச் செய்துகொள்ள நடு மூன்று மாதங்கள் வசதியான காலமாகக் கருதப்படுகின்றன.

நீரிழிவும் இதய நோயும்

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் கடுமையாகிறது. ஈறு நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. இவ்வாறு இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள், முன்பு இதய உட்சவ்வு அழற்சி ஏற்பட்டவர்கள் முதலியோருக்குச் சில பல் சிகிச்சைகளுக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படலாம். ஆகவே உடல்நலம் பற்றிய விவரங்களைப் பல் மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும்.

முதியோர்

ஈறு இறங்குவதால் வெளித்தெரியும் பல்வேரில் எனாமல் இல்லை. அங்குச் சொத்தை விரைவில் பரவுகிறது. இரத்த அழுத்தம், மனச்சோர்வு முதலியவற்றுக்கான மருந்துகள் பலவும் வாயை வறளச் செய்கின்றன. பற்கள் முழுவதும் விழுந்தவர்களுக்கும் பரிசோதனை தேவை. பொருந்தாத பற்செட்டு புண்ணை உண்டாக்கலாம். வாய்ப்புற்றுநோய் பற்கள் இல்லாதவர்களுக்கும் வரும்.

சப்பானில் 80 வயதிலும் 20 பற்களைக் காத்துக்கொள்வோம் என்னும் நோக்கத்துடன் '8020' இயக்கம் 1989 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. உணவை நன்கு மென்று உண்ண ஏறத்தாழ 20 பற்கள் போதும் என்பது இதன் அடிப்படை. 2016 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 80 வயதினருள் பாதிப்பேருக்கு மேல் இவ்விலக்கை எட்டியிருந்தனர்.

வாய்ப்புற்றுநோயைக் கண்டறிதல்

இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் உள்ளது. மெல்லும் புகையிலை, பாக்கு, புகைபிடித்தல், மது ஆகியவை இதற்கு முதன்மைக் காரணங்கள். புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு மட்டும் மெல்வதால் தீங்கில்லை என்னும் கருத்து தவறானது. பாக்கு தன்னளவிலேயே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்சவ்வு நாராகி இறுகி, வாயைத் திறக்கும் அளவு சிறிது சிறிதாகக் குறைவதும் உண்டு. இதுவும் புற்றுநோயாக மாறக்கூடிய நிலையே.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. 13 ஊராட்சித் தொகுதிகளில் 35 வயதும் அதற்கு மேலும் உள்ள ஏறத்தாழ 1,90,000 பேர் இதில் இடம்பெற்றனர். 7 தொகுதிகளில், பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று வெளிச்சத்தின் உதவியால் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். எஞ்சிய 6 தொகுதிகள் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. 2005 ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு, சோதிக்கப்பட்ட தொகுதிகளில் 34% குறைவாக இருந்தது. விலையுயர்ந்த கருவிகள் ஏதுமின்றி, கண்ணால் பார்ப்பதாலேயே உயிர்களைக் காக்க முடியும் என்பதை இவ்வாய்வு காட்டியது. பழக்கம் இல்லாதவர்களிடையே இத்தகைய பயன் நிறுவப்படவில்லை.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், காரணமின்றித் தோன்றும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் சிரமம், கழுத்தில் கட்டி ஆகியவை காணப்பட்டால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

* மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை கெடும்: மேற்பற்களின் உணர்ச்சி நரம்பு ஐந்தாம் மூளை நரம்பின் கிளையாகும். பார்வைக்குரியது இரண்டாம் மூளை நரம்பு. இரண்டும் வெவ்வேறானவை. பல் அகற்றுவதால் பார்வை குறைவதில்லை.
* பல் சுத்தம் செய்தால் பற்கள் ஆடும், இடைவெளி விழும்: ஈறு நோயால் எலும்பு கரைந்த இடத்தைப் பற்காரை மூடியிருக்கும். காரையை நீக்கியதும் ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளித்தெரிகிறது. சுத்தம் செய்தது இடைவெளியை உண்டாக்கவில்லை.
* ஈற்றில் இரத்தம் வந்தால் துலக்கக்கூடாது: துலக்காமல் விட்டால் பற்படலம் மிகுந்து இரத்தக் கசிவு கூடும். மென்மையான தூரிகையால் தொடர்ந்து துலக்குவதே தீர்வு.
* வலி மாத்திரை போட்டால் போதும்: மாத்திரை வலியை மறைக்கும், தொற்றை நீக்காது.

சிகிச்சை பெறாத தொற்று சில வேளைகளில் கழுத்துக்கும் மூளைக்கும் பரவுகிறது. 2007 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், சொத்தைப் பல்லின் தொற்று மூளைக்குப் பரவியதால் உயிரிழந்தான். அந்நாட்டில் ஏழைக் குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் எட்டாமலிருந்த நிலையை இந்நிகழ்வு வெளிக்கொணர்ந்தது. அதன்பின் 2009 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் பல் மருத்துவம் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டது.

தடைகளும் பொதுத் திட்டங்களும்

செலவு, தொலைவு, ஊசி பற்றிய அச்சம், வலி இல்லாதபோது மருத்துவரிடம் செல்வது வீண் என்னும் எண்ணம் ஆகியவை மக்கள் பரிசோதனையைத் தவிர்க்கும் முதன்மைக் காரணங்கள். அச்சம் உள்ளவர்கள் வலி முற்றிய பின்னரே செல்வதால், அவர்களுக்குக் கடினமான சிகிச்சையே அமைகிறது. அது அச்சத்தை மேலும் வளர்க்கிறது. பரிசோதனைக்கு மட்டும் செல்லும் முதல் வருகையில் பொதுவாக ஊசியோ வலியோ இராது. குழந்தைகளை வலி வருமுன்பே அழைத்துச் செல்வதால் இவ்வச்சம் உருவாகாமல் தடுக்கலாம்.

இந்தியாவில் தேசிய வாய்நலத் திட்டம் 2014 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த செலவிலோ கட்டணமின்றியோ பரிசோதனை செய்துகொள்ளலாம். தமிழகத்தில் சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கப்பட்டது. இலங்கையில் பாடசாலை மாணவர்களின் பற்களைச் சோதித்துச் சிகிச்சை அளிப்பதற்கெனப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பணிபுரிகின்றனர். உலக வாய்நல நாள் ஆண்டுதோறும் மார்ச் 20 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது.

வரம்புகள்

பரிசோதனை நோயைக் கண்டறியும் வழியே தவிர, தன்னளவில் நோயைத் தடுப்பதன்று. நாளுக்கு இருமுறை புளோரைடு கலந்த பற்பசையால் துலக்குதல், இனிப்பு உண்ணும் தடவைகளைக் குறைத்தல், புகையிலையையும் பாக்கையும் விலக்குதல் ஆகியவை இல்லாமல் பரிசோதனையால் மட்டும் பற்களைக் காக்க இயலாது. கடும் ஈறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு ஆறு மாதத்திற்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை வழக்கமாகப் பல் சுத்தம் செய்வதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறு நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை என 2018 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு தெரிவித்தது. ஆகவே சுத்தம் செய்தலும் ஊடுகதிர்ப் படமும் பரிசோதனையின் கட்டாயப் பகுதிகள் அல்ல. தேவை கண்டபின் செய்யப்பட வேண்டியவை.

தேவையற்ற சிகிச்சை பரிந்துரைக்கப்படுமோ என்னும் ஐயமும் மக்களிடையே உண்டு. கண்டறியப்பட்டது எது, உடனே சிகிச்சை தேவையா அல்லது கண்காணித்தால் போதுமா, அடுத்த வருகை எப்போது, அக்காலம் எதனால் தீர்மானிக்கப்பட்டது என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறிவது நோயாளரின் உரிமையாகும். தொடக்கநிலைச் சொத்தையைக் குடைந்து அடைக்காமல் புளோரைடு இட்டுக் கண்காணிப்பது இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை முறையாகும். அத்தகைய கண்காணிப்பு அடுத்த பரிசோதனைக்கு நோயாளர் தவறாமல் வரும்போது மட்டுமே பயன் தரும்.